தைரியநாதன் சொன்ன தடை

ஒரகடத்து வயரிங் கம்பெனியில் போய் கிளாராவின் காதைப் பற்றிக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டி, நுனியில் கனெக்டரைச் செருகுகிற லைன் அவளுடையது. சரியாகச் செருகினால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். தள்ளு, கேளு, இழு என்று மூன்றே சொல்லில் வேலையை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் தள்ளிக்கொண்டிருக்கும்போது, "பதினாலாவது டேபிள், பச்ச ஒயரு, பாதிதான் உக்காந்துகீது" என்று லைன் லீடர் கிளாரா நின்ற இடத்திலிருந்தே சொல்வாள். போய்ப் பார்த்தால் பாதிதான் உட்கார்ந்திருக்கும். பதினெட்டு வருஷ சர்வீஸில் எந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதில் அவள் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. அவளுடைய கல்யாணத்தை நிறுத்தியது ஒரு குரல். அது யாருடைய குரல் என்று ஊர் இரண்டுபட்டு மண்டையை உடைத்துக்கொண்டது. எங்கிருந்து வந்தது என்று கிளாரா ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தும் பதினான்கு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

ஊர் என்றால் பெரிய ஊர் இல்லை. மண்ணூருக்குத் தெற்கே, கம்பெனி காம்பவுண்டுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மங்களமாதாபுரம். நூறு தலைக்கட்டு, எல்லாரும் கத்தோலிக்கர்கள், ஒரே கோயில். அந்த நூறு தலைக்கட்டும் இரண்டு வகையறா. கல்லுவூட்டார் ஒன்று, தோப்பார் ஒன்று. கல் வீடு இடிந்து முப்பது வருஷம் ஆகிறது. தோப்பு இருந்த இடத்தில் கன்டெய்னர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வீடும் போயிற்று, தோப்பும் போயிற்று, சண்டை மட்டும் ஒரு செங்கல் பெயராமல் அப்படியே நிற்கிறது.

சண்டை வந்தது மாதா சப்பரத்தால். அறுபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் திருவிழா அன்று, சப்பரத்தின் வலது முன்கொம்பு யார் தோளுக்கு என்று இரண்டு வகையறாவும் இழுத்துக்கொண்டன. சப்பரம் சாய்ந்தது. கொம்புக்குக் கீழே தோள் கொடுத்து நின்ற கல்லுவூட்டுப் பையன் தைரியநாதன் அதில் நசுங்கி, கோயில் வாசற்படியிலேயே செத்துப்போனான். வயது இருபத்துமூன்று. கல்யாணம் ஆகவில்லை, ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. தோப்பார் வேண்டுமென்றே தோளை எடுத்தார்கள் என்று கல்லுவூட்டார் சொல்வார்கள். கல்லுவூட்டார்தான் தள்ளினார்கள் என்று தோப்பார் சொல்வார்கள். அவ்வளவு பெரிய சப்பரம் கவிழ்ந்தும் மாதா சுரூபத்தில் ஒரு கீறல் இல்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து பெருமை பேசுவார்கள். வெட்கம் கெட்ட பெருமை அது.

அன்றிலிருந்து பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை, ஒருவர் சவப்பெட்டியை இன்னொருவர் தொடுவதில்லை. பூசைக்கு வந்தால் கல்லுவூட்டார் வடக்கு வாசல், தோப்பார் தெற்கு வாசல். கல்லுவூட்டார் பக்கத்தில் முன்னாலிருந்து மூன்றாவது பெஞ்சில், நடுவழியை ஒட்டிய ஓரம் தைரியநாதன் உட்கார்ந்த இடம். அதில் யாரும் உட்காரக் கூடாது. வீட்டின் மூத்த மருமகள் சனிக்கிழமை ஒரு வெள்ளைத் துண்டைத் துவைத்துக் காயவைத்து, ஞாயிறு பூசைக்கு முன் அந்த இடத்தில் விரித்துவிட்டு வர வேண்டும். அதற்கு 'இடம் போடுவது' என்று பெயர். இப்போதைய மூத்த மருமகள் கிளாராவின் அம்மா ஆக்னசம்மா. தைரியநாதன் கிளாராவுக்குச் சின்ன தாத்தா முறை, அவளுடைய தாத்தாவின் தம்பி.

இப்படிப்பட்ட ஊரில் கிளாரா தோப்பார் வீட்டு லூர்துராஜை விரும்பினாள். அவன் கம்பெனி பஸ் டிரைவர். மழைக்காலத்தில் அவள் ஏறும் ஸ்டாப்பில் குட்டையாகத் தண்ணீர் நிற்கும். அங்கே ஒரே ஒரு மேடு உண்டு. எத்தனை லாரி குறுக்கே நின்றாலும் பஸ்ஸின் படி அந்த மேட்டுக்கு நேராக வந்து நிற்கும். ஒரு பேச்சும் இல்லாமல் ஒரு மழைக்காலம் முழுக்க இப்படிப் போனது. அடுத்த மழைக்காலத்தில் பேசினார்கள். அதற்கடுத்த மழைக்கு முன் பங்குச் சாமியாரிடம் போய், எங்களுக்கு ஓலை வாசியுங்கள் என்று கேட்டுவிட்டார்கள்.

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பார். மூன்று ஓலையும் தடையில்லாமல் கழிந்தால் யார் தடுத்தாலும் தாலி ஏறும். முதல் ஓலை வாசித்தபோது இரண்டு பக்கமும் உலை மாதிரிக் கொதித்தது. ஆனால் எழுந்து தடை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. முதலில் சொன்னால், பயந்துவிட்டான் என்று எதிர்ப்பக்கம் சிரிக்குமே! அவன் சொல்லட்டும் என்று இவனும், இவன் சொல்லட்டும் என்று அவனும் காத்திருந்ததில் இரண்டாவது ஓலையும் கழிந்தது. இந்த வீம்பே நம்மைக் கரை சேர்த்துவிடும் போலிருக்கிறதே என்று கிளாரா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிறு, சாமியார் வாசித்து முடித்து நிமிர்ந்தார். அப்போது கோயிலுக்குள் ஒரு குரல் கேட்டது.

"தட கீது."

இரண்டே சொல். இரண்டு வகையறாவும் அப்படித்தான் பேசும், அதனால் பேச்சை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வழியில்லை. தோப்பார்தான் சொன்னார்கள் என்று கல்லுவூட்டார் எழுந்தார்கள். கல்லுவூட்டார்தான் என்று தோப்பார் எழுந்தார்கள். பெஞ்சு உடைந்தது, இரண்டு பேருக்குத் தலையில் தையல். வயதான சாமியார் ஓலைப் புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கிளாரா மட்டும் நான்காவது பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குரல் அவளுக்கு ஒரு முழம் முன்னாலிருந்து வந்தது. விரித்த துண்டுக்கு மேலே, ஒரு ஆள் உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்திலிருந்து வந்தது. அங்கே யாரும் இல்லை. ஊரார் அதை ஒரு கிழவனின் கரகரத்த குரல் என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள். அதுவும் தப்பு. அது வயசுப் பையனின் குரல், தொண்டை வறண்டு போன ஒரு பையனின் குரல்.

அடிதடி முடிந்தபின் துண்டை எடுக்கப் போனது அவள்தான். துண்டு நடுவில் ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். வேர்வை நாற்றம், பாரம் தூக்குகிறவனின் வேர்வை. அம்மாவிடம் காட்டினாள். "கூட்டத்துல எவனாவது மேல பட்டுருப்பான், உனுக்கு இன்னா?" என்று ஆக்னசம்மா பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கினவள் அதை யாருக்கும் காட்டாமல் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டதையும் கிளாரா பார்த்தாள்.

வெளியே சொன்னால் பேய் பிடித்தவள் என்பார்கள். அதைவிடப் பெரிய காரணம் பயம். வேற்று ஆள் தடை சொன்னால் சண்டை போடலாம். சொந்த ரத்தத்தில் செத்தவனே வேண்டாம் என்கிறான், இனி யாரிடம் போய் முறையிடுவது? லூர்துராஜிடம் "வேணாங்க, வுட்டுடுங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் காரணம் கேட்டான், சொல்லவில்லை. அவன் வேறு ரூட்டுக்கு மாற்றிக்கொண்டு போனான்.

அதன்பின் பதினான்கு வருஷம். கிளாரா லைன் லீடர் ஆனாள். கண்ணாடி போட்டாள். அப்பாவைப் புதைத்தாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய் அதே நான்காவது பெஞ்சில் உட்கார்ந்தாள். வேறு யாருக்காவது ஓலை வாசிக்கும்போதெல்லாம் அவளுக்கு முதுகு சில்லிடும். சாமியார் தடை என்ற சொல்லுக்கு வரும்போது, முன்னால் இருக்கும் காலி இடத்தில் யாரோ பேசுவதற்கு மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்கும். இழுத்த மூச்சு அப்படியே நிற்கும். ஓலை முடிந்ததும் மெல்ல வெளியே போகும். எல்லாம் வகையறாவுக்குள்ளேயோ வெளியூரிலோ முடிந்த சம்பந்தங்கள், அதனால் குரல் எழவில்லை. ஆனால் அந்த ஆள் அங்கேயே இருந்தான். ஒரு ஞாயிறுகூட அவன் லீவு எடுத்ததில்லை.

போன வருஷம் பஸ் கான்ட்ராக்ட் மாறியது. ஜூலையில் ஒரு மழைநாள் காலை, ஸ்டாப்பில் அந்த மேட்டுக்கு நேராகப் படி வந்து நின்றது. கிளாரா நிமிர்ந்தே பார்க்கவில்லை, ஏறி உட்கார்ந்து ஒரகடம் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மீசை பாதி நரைத்திருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், எல்லாரும் இறங்கியபின் கடைசியாக இறங்கப் போனவளை நிறுத்தி என்ஜினை அணைத்தான்.

"கிளாரா, எனுக்கு நாப்பத்திரண்டு ஆயிடுச்சு. இன்னொரு தபா கேக்கறேன். இதான் கடைசி."

"திரும்பி அந்தக் கொரலு வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா ஓசூர் பக்கம் போயிடறேன். உன்ன தெனிக்கும் ஏத்திகினு எறக்கிகினு சும்மா பாத்துகினு இருக்க என்னால ஆவல."

அவள் அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டாள். சொன்னபின்தான் பயம் வந்தது. முப்பத்தெட்டு வயது. இந்த முறையும் நின்றால் மூன்றாவது முறை என்று ஒன்று கிடையாது, அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆக்னசம்மா கத்தவில்லை, அழவில்லை. துவைத்த துண்டை மடித்துக்கொண்டே, "உங்க சின்ன தாத்தா ஒத்துக்க மாட்டாரு" என்றாள். பக்கத்து அறையில் படுத்திருக்கிற ஆளைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னாள்.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொன்னது இசக்கிசெல்வியிடம். தென்காசிப் பக்கத்துப் பெண், அவள் லைனில் வேலை செய்கிறவள், ஹாஸ்டலில் எட்டுப் பேரோடு ஒரு அறையில் இருப்பவள். கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து, துண்டு, வேர்வை, மூச்சு எல்லாவற்றையும் முதல்முறையாக கிளாரா ஒரு மனுஷியிடம் சொன்னாள். இசக்கிசெல்வி பயந்துவிடுவாள் என்று நினைத்தாள். அவள் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள்:

"சரிக்கா, தடை இருக்குன்னு சொல்லுதாரு. என்ன தடைன்னு கேட்டியளா?"

கிளாரா சாப்பிடுகிற கையை நிறுத்தினாள்.

"யாரு சொன்னான்னு அடிச்சு மண்டைய ஒடச்சிக்கிட்டிய. என்னன்னு ஒருத்தரும் கேக்கலியாக்கா? எங்கூர்க் கோயில் கொடையில சாமி வந்துட்டுன்னா மொதல்ல என்ன வேணும்னுதான் கேப்போம். சேலையோ கோழியோ, சொல்லிட்டு மலையேறிரும். நீங்க அந்த மனுசன அறுவது வருசமா பெஞ்சுல உக்கார வச்சிட்டு ஒரு வார்த்த கேக்கலியே. பாவம்லா."

கேட்காமல் போனது மங்களமாதாபுரத்தாருக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. எதைக் கேட்டாலும், இது எவன் பக்கத்துப் பேச்சு என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள். பேச்சுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் இரண்டு வகையறாவுக்கும் கிடையாது. காதால் பிழைக்கிற கிளாராவே குரல் வந்த இடத்தைத்தான் பிடித்து வைத்திருந்தாள். அதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

புதுசாக வந்திருந்த ஃபாதர் சின்ன வயதுக்காரர். "பேரும் காரணமும் இல்லாம சொல்ற தடை தடையே இல்ல, நான் வாசிக்கிறேன்" என்றார். முதல் ஓலை வாசித்தார். முன் இடத்தில் மூச்சு உள்ளே போனது, நின்றது, வெளியே வந்தது. இரண்டாவது ஓலைக்கு மூச்சு நிற்கவில்லை, ஓடி வந்தவன் மாதிரி இரைத்தது. பூசை முடிந்து ஆக்னசம்மா துண்டைத் தூக்கியபோது சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்ததைப் பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். எதையும் கேட்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு கோயில் நிரம்பி வழிந்தது. வேடிக்கை பார்க்க மண்ணூரிலிருந்துகூட வந்திருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இளவட்டங்கள் இரண்டு பக்கமும் நடுவழி ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். தெற்குப் பக்கத்தில் லூர்துராஜ் வெள்ளைச் சட்டையில் தலை குனிந்து இருந்தான். ஃபாதர் புத்தகத்தைத் திறந்தார். வெளியே ரோட்டில் ராப்பகலாக ஓயாத கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் அந்த நேரம் பார்த்து அறுந்தது. மங்களமாதாபுரத்தில் யாரும் அவ்வளவு அமைதியைக் கேட்டு வருஷக்கணக்கில் ஆகியிருக்கும்.

"...தடை ஏதும் தெரிந்தவர்கள்..."

"தட கீது."

எல்லாரும் கேட்டார்கள். ஒரு நொடிதான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுந்தது, பெஞ்சுகள் கிறீச்சிட்டன, எவன்டா அது என்று கூச்சல் கிளம்பியது.

"உக்காருங்க எல்லாரும்!"

கிளாரா கத்திய குரல் அது. நாற்பது டேபிளை ஒரு சொல்லில் நிறுத்துகிற குரல். ஊர் அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை, ஆனால் கோயிலில் உட்காரச் சொன்னால் உட்காருகிற பழக்கதோஷத்தில் பாதிப் பேர் உட்கார்ந்தே விட்டார்கள். அவள் நடுவழிக்கு வந்து, மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில், விரித்த துண்டுக்கு எதிரே முழங்கால் போட்டாள். கிட்டே போனதும் வேர்வை நாற்றமும், அதோடு கசங்கின பூமாலையின் வாடையும் வந்தது. துண்டின் நடுவில் குழி விழுந்திருந்தது.

"தாத்தா" என்றாள். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவனை அப்படிக் கூப்பிட நா கூசியது. "இன்னா தட தாத்தா? எங்கிட்ட சொல்லு."

பின்னால் அம்மா "யேசுவே" என்று முனகினாள். ஃபாதர் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். கிளாரா கண்ணை மூடி, லைனில் நிற்பது மாதிரி காதை மட்டும் திறந்து வைத்தாள். பழிவாங்கச் சொல்வானோ, பூசை கேட்பானோ, தோப்பார் வந்து காலில் விழ வேண்டும் என்பானோ என்று அவள் ஒரு வாரமாக ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் யோசித்து வைத்திருந்தாள்.

குரல் வந்தது. இந்தத் தடவை சத்தமாக இல்லை. அவள் முகத்துக்கு நேராக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் தப்பை ஒப்புக்கொள்கிற மாதிரி வெட்கப்பட்டு வந்தது.

"நீங்க சேந்துகினா என்ன மறந்துடுவீங்க."

அவனுக்குப் போட்டோ இல்லை, பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. இந்தச் சண்டையில்தான் அவன் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. சண்டை போனால் துண்டு விரிப்பார் யார்? அறுபத்திரண்டு வருஷமாக அவன் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று ஊரே முழங்காலில் நின்று மன்றாடிவிட்டு, எழுந்ததும் அவன் சாவைத்தான் ஆயுதமாகத் தூக்கிக்கொண்டது. இந்த ஊரில் ஒருத்தரும் அந்தப் பையனுக்காக அழுததில்லை. கிளாரா அழுதாள்.

வருஷா வருஷம் பூசை வைக்கிறேன், பிள்ளை பிறந்தால் உன் பெயர் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பான். ஆனால் பாதி உட்கார்ந்த கனெக்டரை ஒருநாளும் பாஸ் பண்ணாதவள் அவள். பொய் சொல்ல வாய் வரவில்லை. கையை நீட்டி, துண்டுக்கு மேலே, ஒரு ஆளின் தலை இருக்கக்கூடிய இடத்தில் வைத்தாள். தாத்தா என்ற முறையும் அந்த நேரம் மறந்துபோனது.

"மறந்துதான் போவோம் கண்ணு" என்றாள். "எல்லாரையும் அப்டித்தான் மறக்கறோம். நாளைக்கி என்னையும் மறந்துடுவாங்க. ஆண்டவரு மறக்க மாட்டாரு. நீ தூக்கினு நின்ன வரைக்கும் போதும். எறக்கி வச்சிட்டு போய் படு."

மூச்சு வெளியே போனது. நீளமாக, நிதானமாகப் போனது. மறுபடி உள்ளே இழுக்கிற சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. ரோட்டில் ஒரு லாரி கியர் மாற்றிக்கொண்டு போகிற சத்தம் வந்தது.

"கிளாரா, யார்கிட்ட பேசுறீங்க?" என்றார் ஃபாதர்.

"பேசியாச்சு ஃபாதர். தட ஒண்ணும் இல்ல. திரும்ப வாசிங்க."

ஃபாதர் புத்தகத்தைப் பிரித்தார். தடை சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இனிச் செத்தவன் உதவி கிடையாது, சொந்த வாயால் சொல்ல வேண்டும். அவன் சொல்லட்டும் என்று கல்லுவூட்டார் தெற்கே பார்த்தார்கள். இவன் சொல்லட்டும் என்று தோப்பார் வடக்கே பார்த்தார்கள். லூர்துராஜ் மட்டும் எழுந்து நின்று கிளாராவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளாரா பெஞ்சின் ஓரத்தைப் பிடித்து எழுந்து, ஊர் வாய் பிளக்க, அம்மா தலையில் கை வைக்க, துண்டு விரித்த அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல் துண்டுக்கு அடியில் பலகை சூடாக இருந்தது. ஃபாதர் அவள் பெயரையும் லூர்துராஜ் பெயரையும் வாசித்து முடிப்பதற்குள் அது ஆறிவிட்டது.